மெஷ் தலைப்புச் சொற்கள்: மருத்துவ, கால்நடைக் கட்டுரைகளைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுகலை மாணவர்கள், கால்நடை மருத்துவர்கள், கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் என யார் வந்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஆங்கிலத் தலைப்புகளையும் தேடல் கட்டளைகளையும் தமிழில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டின் பெட்டியில் அடிக்கும்போது அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

மெஷ், மெஷ்னு எல்லாரும் சொல்றாங்களே, அது வெறும் கீவேர்டுதானே?

இல்லை. கீவேர்டு என்பது எழுதியவர் தன் விருப்பப்படி போட்ட சொல். ஒருவர் 'ஹார்ட் அட்டாக்' என்பார், இன்னொருவர் 'எம்ஐ' என்பார், மூன்றாமவர் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று முழுசாக எழுதுவார். மூன்றும் ஒரே நோய். நம் ஊரில் ஒரே மாட்டு நோயைக் கோமாரி என்றும் காணை என்றும் கால்வாய் நோய் என்றும் சொல்வது போலத்தான். மூவர் எழுதியதும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமென்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து 'இந்த நோய்க்கு இனி இதுதான் பெயர்' என்று முடிவு செய்து, எல்லாக் கட்டுரைகளுக்கும் அந்தப் பெயரையே ஒட்ட வேண்டும். அப்படி முடிவு செய்யப்பட்ட பெயர்களின் பட்டியல்தான் மெஷ். 'மெடிக்கல் சப்ஜெக்ட் ஹெடிங்ஸ்' என்பதன் சுருக்கம் அது.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் உள்ள தேசிய மருத்துவ நூலகம் அதை நடத்துகிறது. 1960-இல் முதல் பதிப்பு வந்தது. அப்போது அச்சில் வந்துகொண்டிருந்த 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற கட்டுரை அட்டவணைக்காகத் தயாரித்தது. இன்று 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகள் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

அந்தத் தலைப்பை யார் ஒட்டுறாங்க? கட்டுரை எழுதினவரா?

எழுதியவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் போட்ட கீவேர்டு பப்மெட்டில் தனியாகக் கீழே நிற்கும். நெடுங்காலம் பயிற்சி பெற்ற அட்டவணையாளர்கள் கட்டுரையைப் படித்துத் தலைப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022 முதல் மெட்லைன் (பப்மெட்டில் தலைப்பு ஒட்டப்படும் பகுதி) கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் கணினி நிரலே தலைப்பு போடுகிறது. 2024-இல் அந்த நிரலுக்குப் பதிலாக நரம்பியல் வலைப்பின்னல் முறையில் இயங்கும் புது நிரல் வந்தது. குறிப்பிட்ட சில வகைகளை மட்டும் மனிதர்கள் சரிபார்க்கிறார்கள்.

இதில் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். மனிதர் படித்தபோது முழுக் கட்டுரையும் அவர் கையில் இருந்தது. நிரல் பார்ப்பது முக்கியமாகக் கட்டுரையின் பெயரையும் அதன் சுருக்கத்தையும் (அப்ஸ்ட்ராக்ட்). எருமையில் செய்த ஆய்வு என்பது செய்முறைப் பகுதியில் மட்டும் இருந்து, சுருக்கத்தில் 'விலங்குகள்' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால், 'பஃபலோஸ்' தலைப்பு விழாமலே போகலாம். பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை.

ஒரு தலைப்பைத் திறந்தா ஏகப்பட்டது வருதே, எதைப் பார்க்கணும்?

'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' தலைப்பையே திறந்து பார்ப்போம். மேலே தலைப்பு. அதற்கென டி009203 என்ற அடையாள எண். தலைப்பின் பெயரை நாளைக்கு மாற்றினாலும் இந்த எண் மாறாது. அடுத்து ஸ்கோப் நோட். இந்தத் தலைப்பு எதைக் குறிக்கிறது என்பதை இரண்டு மூன்று வரியில் சொல்லும். அவசரத்தில் பலரும் தாண்டிப்போவது இதைத்தான், தவறான தலைப்பில் மாட்டுவதும் அதனால்தான். பிறகு என்ட்ரி டெர்ம்ஸ். 'ஹார்ட் அட்டாக்' போன்ற மாற்றுப் பெயர்கள் இங்கே இருக்கும். எதை அடித்தாலும் இந்தத் தலைப்புக்குக் கொண்டுவந்து விடும் வழிகாட்டிப் பலகைகள் அவை.

கடைசியில் மர எண்கள். இந்தத் தலைப்புக்கு நான்கு உண்டு. இரண்டு சி14 என்று தொடங்கும். அது இதயம், ரத்தக்குழாய் நோய்களின் கிளை. மற்ற இரண்டு சி23. திசு செத்துப்போவது போன்ற நோய்க்கூறுகளின் கிளை. ஒரே தலைப்பு பல கிளைகளில் தொங்கலாம், தப்பில்லை. பப்பாளி பழக்கடையிலும் கிடைக்கும், பச்சைக்காயாகக் காய்கறிக் கடையிலும் கிடைக்கும் அல்லவா?

மரம், கிளைன்னா என்ன?

எல்லாத் தலைப்புகளையும் 16 பெரும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ உடலமைப்பு, பி உயிரினங்கள், சி நோய்கள், டி வேதிப்பொருளும் மருந்தும், ஈ பரிசோதனையும் சிகிச்சை முறையும் என்று போய், இசட் என்ற நிலப்பகுதிகளில் முடியும். ஒவ்வொன்றும் பொதுவானதிலிருந்து குறிப்பானதற்கு இறங்கும். எண்ணில் ஒரு புள்ளி கூடினால் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறோம் என்று பொருள். கால்நடைத் துறையினர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சி22, அதாவது 'அனிமல் டிசீசஸ்' கிளை. அதற்குக் கீழே கேட்டில் டிசீசஸ், டாக் டிசீசஸ், கோட் டிசீசஸ், பௌல்ட்ரி டிசீசஸ் என்று இனவாரியாக இருக்கும்.

எக்ஸ்ப்ளோட்னு ஒன்னு சொல்றாங்க. அது தானா நடக்குமா, நாம பண்ணணுமா?

ஒரு தலைப்போடு அதன் கீழ்க்கிளைகளையும் விரித்துத் தேடுவதுதான் எக்ஸ்ப்ளோட். பப்மெட்டில் தானாகவே நடக்கும். 'ஐ டிசீசஸ்' என்று எம்ஹெச் குறியோடு (மெஷ் தலைப்பில் மட்டும் தேடு என்று சொல்லும் குறி) தேடினால், அதன் கீழே உள்ள கண்புரை, கண்ணழுத்தம், விழித்திரை நோய் எல்லாமே சேர்ந்து வரும். இது ஏன் தேவை? ஒரு கட்டுரைக்கு உள்ளதிலேயே குறிப்பான தலைப்பைத்தான் ஒட்ட வேண்டும் என்பது அட்டவணை விதி. கண்ணழுத்தம் பற்றிய கட்டுரைக்கு 'குளோக்கோமா' என்று மட்டும் விழும், 'ஐ டிசீசஸ்' விழாது. கிளை விரிந்து தேடாவிட்டால் பெரிய தலைப்பில் தேடுபவர் கைக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும்.

பொதுத் தலைப்பு மட்டும் போதும், கீழே உள்ளவை வேண்டாம் என்றால் குறியை எம்ஹெச்:நோஎக்ஸ்ப் என்று போடுங்கள். மருத்துவமனை நிர்வாகம், மருத்துவக் கல்வி போன்ற பொருளில் இது உதவும். நோய்த் தலைப்பில் அபூர்வமாகவே தேவைப்படும்.

நான் சும்மா 'ஹார்ட் அட்டாக்'னு அடிச்சாலே எல்லாம் வருதே. அப்புறம் மெஷ் எதுக்கு?

வருவதே மெஷ் உள்ளே வேலை செய்வதால்தான். குறி எதுவும் போடாமல் அடித்தால், பப்மெட் உங்கள் சொல்லை மாற்றுப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் தலைப்பையும் சேர்த்துத் தேடும். நீங்கள் அடித்தது என்னவாக மாறியது என்று பார்க்க 'அட்வான்ஸ்ட்' பக்கத்துக்குப் போய், ஹிஸ்டரி பட்டியலில் அந்தத் தேடலுக்கு நேரே இருக்கும் 'டீடெயில்ஸ்' அம்பை அழுத்துங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் பழக்கமாகிவிடும். பார்க்காமல் தேடுவது ரசீது பார்க்காமல் காசு கொடுப்பதற்குச் சமம்.

இந்தத் தானியங்கி மாற்றம் இரண்டு இடங்களில் நின்றுபோகும். சொற்றொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டால் நிற்கும். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டு வேர்ச்சொல்லாகத் தேடினாலும் நிற்கும். 'துல்லியமாக இருக்கட்டுமே' என்று மேற்கோள்குறி போட்டவர்கள்தான் பெரும்பாலும் 'கட்டுரையே இல்லை' என்று வருகிறார்கள். மாற்றம் நடந்தாலும் அது சரியாக நடக்கும் என்ற உறுதியும் கிடையாது. 'கோல்ட்' என்று மட்டும் அடித்தால் நீங்கள் சளியைக் கேட்கிறீர்களா, குளிரைக் கேட்கிறீர்களா என்று அதற்கு எப்படித் தெரியும்?

சப்ஹெடிங் போட்டா நல்லதா?

தலைப்போடு ஒரு சாய்கோடு போட்டு ஒட்டும் துணைச்சொல் அது. முறைப்படி 'குவாலிஃபையர்' என்பார்கள். மொத்தம் 70 சொச்சம்தான். நோய் கண்டறிதல், மருந்துச் சிகிச்சை, தடுப்பு, பரவல் இயல், நச்சுத்தன்மை போன்றவை. 'ரேபிஸ்' என்றால் வெறிநோய் பற்றிய எல்லாம் வரும். 'ரேபிஸ்/பிரிவென்ஷன் அண்ட் கண்ட்ரோல்' என்றால் தடுப்பு பற்றியது மட்டும். எல்லாத் துணைச்சொல்லையும் எல்லாத் தலைப்பிலும் ஒட்ட முடியாது. எது ஒட்டும் என்பது அந்தத் தலைப்பின் பக்கத்திலேயே இருக்கும்.

ஆள் குறைவாக எழுதியிருக்கும் பொருளில் இதைத் தொடவே வேண்டாம். ஏற்கனவே 40 கட்டுரைதான் இருக்கிறது என்றால், துணைச்சொல் போட்டு அதை 9 ஆக்கி என்ன பயன்? இன்னொன்று: தலைப்பையும் துணைச்சொல்லையும் சாய்கோட்டில் இணைக்காமல் தனித்தனியாக 'அண்ட்' போட்டுத் தேடினால், துணைச்சொல் அதே கட்டுரையின் வேறொரு தலைப்பில் ஒட்டியிருந்தாலும் அது வந்து விழும்.

சில தலைப்புக்குப் பக்கத்துல நட்சத்திரம் இருக்கே?

கட்டுரையின் மையப் பொருள் அது என்று அர்த்தம். ஒரு கட்டுரைக்குப் பத்துப் பதினைந்து தலைப்பு விழும். அதில் இரண்டு மூன்றுக்குத்தான் நட்சத்திரம் இருக்கும். அவற்றில் மட்டும் தேட எம்ஹெச்-க்குப் பதில் எம்ஏஜேஆர் என்ற குறி. நாளைக்கு வகுப்பெடுக்க நாலு நல்ல கட்டுரை வேண்டும் என்றால் போடுங்கள். ஒரு பொருளில் வந்த ஆய்வுகள் அனைத்தையும் திரட்டும் முறைசார் மீளாய்வுக்குப் போடாதீர்கள்.

மாட்டு மடிநோய்க்குத் தலைப்பு கிடைச்சுது. ஆட்டு மடிநோய்க்கு ஏன் கிடைக்கல?

மாட்டுக்கு மட்டும் 'மாஸ்டைட்டிஸ், போவைன்' என்று இனமும் நோயும் சேர்ந்த ஆயத்தத் தலைப்பு உண்டு. அதிகம் எழுதப்பட்ட நோய் என்பதால் அப்படி. ஆட்டுக்கு அது கிடையாது. நாம்தான் கூட்ட வேண்டும். 'மாஸ்டைட்டிஸ்/வெட்டரினரி' ஒன்று, 'கோட் டிசீசஸ்' ஒன்று. கட்டுரையில் இவற்றோடு 'கோட்ஸ்' என்ற உயிரினத் தலைப்பும், 'அனிமல்ஸ்' என்ற பொதுக்குறியும் இருக்கும்.

கால்நடைக் கட்டுரைக்கு இந்த நாலடுக்குதான் வழக்கமான அமைப்பு: நோயின் பெயர் வெட்டரினரி துணைச்சொல்லோடு, இன நோய்த் தலைப்பு, இனத்தின் பெயர், அனிமல்ஸ். நாய்க்கு நிமோனியா என்றால் 'நிமோனியா/வெட்டரினரி', 'டாக் டிசீசஸ்', 'டாக்ஸ்', 'அனிமல்ஸ்'. தேடும்போது நான்கையும் 'அண்ட்' போட்டுக் கட்டிவிடாதீர்கள். ஒன்று விடுபட்டாலும் கட்டுரை நழுவிவிடும். முதலாவதோடு இரண்டாவதை அல்லது மூன்றாவதைச் சேர்த்தால் போதும்:

மாஸ்டைட்டிஸ்/வெட்டரினரி[எம்ஹெச்] அண்ட் (கோட் டிசீசஸ்[எம்ஹெச்] ஆர் கோட்ஸ்[எம்ஹெச்])

விலங்கு நோயாகவே அறியப்படும் நோய் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. 'ஃபுட்-அண்ட்-மவுத் டிசீஸ்', 'நியூகாசில் டிசீஸ்', 'பெஸ்டே-டெஸ்-பெட்டிட்ஸ்-ரூமினன்ட்ஸ்' ஆகியவை தனித் தலைப்புகள். கடைசியாகச் சொன்னது நம் ஆட்டுக்கொல்லி நோய்தான்.

எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைச்சு ஆய்வு பண்ணியிருக்காங்க. அதுவும் வெட்டரினரிதானே?

அல்ல. வெட்டரினரி என்ற துணைச்சொல் விலங்குக்கு இயல்பாக வந்த நோய்க்கு. ஆய்வுக்கூடத்தில் வரவழைத்த நோய்க்கு 'டிசீஸ் மாடல்ஸ், அனிமல்' என்ற தலைப்பு விழும். அங்கே எலி நோயாளி இல்லை, மனிதனுக்குப் பதிலாக நிற்கிறது. பண்ணை மருத்துவருக்கு இந்தப் பிரிவு பெரிய வரப்பிரசாதம். 'டயாபடீஸ் மெலிட்டஸ்/வெட்டரினரி' என்று தேடினால் சர்க்கரை நோய் வந்த நாயும் பூனையும் வரும், ஆய்வுக்கூட எலி பெரும்பாலும் வராது.

மனித ஆய்வு மட்டும் வேணும்னு 'நாட் அனிமல்ஸ்' போட்டேன். பாதிக்கு மேல காணாமப் போச்சு. ஏன்?

நீங்கள் மனிதர்களையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். அதிகம் பேர் விழும் குழி இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். மெஷ் மரத்தில் 'ஹியூமன்ஸ்' தலைப்பின் எண் இது:

பி01.050.150.900.649.313.988.400.112.400.400

இடமிருந்து வலமாகப் படியுங்கள். பி01 மெய்க்கருவுயிரிகள். 050 விலங்குகள். 150 முதுகுநாணிகள். 900 முதுகெலும்பிகள். 649 பாலூட்டிகள். அப்படியே இறங்கி, 988-இல் குரங்கினம், கடைசிக்கு முந்தைய 400-இல் மனிதக் குரங்குக் குடும்பம், கடைசி 400 நாம். பதினோராவது படி. விலங்கியல்படி மனிதனும் விலங்குதானே, மரம் அதை அப்படியே எழுதியிருக்கிறது. 'அனிமல்ஸ்' என்று தேடினால் கிளை தானாக விரியும் என்று மேலே எக்ஸ்ப்ளோட் பற்றிய பதிலில் சொன்னோம். விரிந்தால் மனிதனும் உள்ளே வருவான். அதற்கு முன்னால் 'நாட்' போட்டால் அவனும் வெளியே போவான்.

சரியான கட்டளை இரண்டடுக்காக இருக்கும்:

உங்கள் தேடல் நாட் (அனிமல்ஸ்[எம்ஹெச்] நாட் ஹியூமன்ஸ்[எம்ஹெச்])

உள் அடைப்பு முதலில் 'விலங்கு இருக்கிறது, மனிதன் இல்லை' என்ற கட்டுரைகளைப் பிரிக்கிறது. வெளியே உள்ள 'நாட்' அவற்றை மட்டும் நீக்குகிறது. மனிதனும் விலங்கும் சேர்ந்த ஆய்வு தங்கும், எந்தக் குறியும் விழாத கட்டுரையும் தங்கும். அடைப்புக்குறி விட்டுப்போனால் கட்டளை இடமிருந்து வலமாக ஓடி வேறெதையோ செய்யும், கவனம்.

அதுக்குப் பதிலா இடது பக்கம் 'ஹியூமன்ஸ்' ஃபில்டரை டிக் பண்ணினா ஈசியா இருக்குமே?

ஈசிதான். ஆனால் அந்த வடிகட்டி 'ஹியூமன்ஸ் தலைப்பு ஒட்டியிருக்க வேண்டும்' என்று கேட்கிறது. தலைப்பே ஒட்டப்படாத கட்டுரைகள் எல்லாம் அதில் அடிபட்டுவிடும். மேலே சொன்ன இரண்டடுக்குக் கட்டளை அவற்றை விட்டுவைக்கும். எவை அப்படித் தலைப்பில்லாமல் நிற்கும் என்பது அடுத்த கேள்வி.

இந்த மாசம் வந்த கட்டுரை கண்ணெதிரே இருக்கு, மெஷ்ல தேடினா வரமாட்டேங்குது. ஏன்?

பப்மெட் வேறு, மெட்லைன் வேறு. மெட்லைன் என்பது பப்மெட்டின் பெரும்பகுதி. தேர்ந்தெடுத்த இதழ்களின் கட்டுரைகள் அதில் இருக்கும், தலைப்பு ஒட்டப்படுவது அவற்றுக்கு மட்டும்தான். மெட்லைனில் சேராத இதழிலிருந்து பிஎம்சி என்ற இலவச முழுக்கட்டுரைக் களஞ்சியம் வழியாக வரும் கட்டுரைகள் பப்மெட்டில் தெரியும், ஆனால் அவற்றுக்குத் தலைப்பு எப்போதுமே விழாது. புதிதாக வந்தவையும் ஒட்டும்வரை தலைப்பில்லாமல்தான் இருக்கும். கட்டுரையின் அடியில் 'மெஷ் டெர்ம்ஸ்' என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எம்ஹெச் போட்டு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அதனால் தலைப்பை மட்டும் நம்பித் தேடக் கூடாது. தலைப்பு ஒரு கால், வெறுஞ்சொல் இன்னொரு கால். கட்டுரைப் பெயரிலும் சுருக்கத்திலும் கீவேர்டிலும் தேட டிஐஏபி என்ற குறி. எருமை மடிநோய்க்கு இப்படிக் கட்டலாம்:

(மாஸ்டைட்டிஸ்[எம்ஹெச்] ஆர் மாஸ்டைட்டிஸ், போவைன்[எம்ஹெச்] ஆர் மாஸ்டைட்டிஸ்[டிஐஏபி] ஆர் அடர் இன்ஃபெக்ஷன்*[டிஐஏபி]) அண்ட் (பஃபலோஸ்[எம்ஹெச்] ஆர் பஃபலோ*[டிஐஏபி])

ஒரே பொருளைக் குறிப்பவை 'ஆர்' போட்டு ஒரு அடைப்புக்குள், வேறு வேறு பொருள்கள் 'அண்ட்' போட்டு அடைப்புக்கு வெளியே. சுருக்கத்தில் இனப் பெயர் இல்லாவிட்டால் நிரல் தலைப்பு போடாமல் போகலாம் என்று இரண்டாவது பதிலில் சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கட்டுரையை இந்த இரண்டாவது காலும் எட்டாது. தெரிந்த ஒரு நல்ல கட்டுரையிலிருந்து பப்மெட் காட்டும் 'சிமிலர் ஆர்ட்டிகிள்ஸ்' பட்டியல் வழியாகப் போனால் சில அகப்படும்.

டிஐஏபி-ல அனீமியா தேடினா நம்ம ஊர் இதழ்க் கட்டுரை குறையுதே?

ஸ்பெல்லிங். மெஷ் தலைப்புகள் அமெரிக்க எழுத்துமுறையில் இருக்கும். நம்மவர்கள் பலரும் பிரிட்டிஷ் முறையில் கூடுதலாக ஓர் எழுத்து (அனீமியாவில் ஏ) சேர்த்து எழுதுவார்கள். தலைப்பில் தேடினால் மாற்றுப் பெயர்ப் பட்டியல் சமாளித்துக்கொள்ளும். டிஐஏபி எழுத்துக்கு எழுத்து பார்க்கும். அனீமியா, ஹெமரேஜ், டயரியா, டியூமர் போன்ற சொற்களை இரண்டு விதமாகவும் எழுதி 'ஆர்' போடுங்கள்.

புதுசா வந்த நோய்க்குத் தலைப்பு எப்ப வரும்? பழைய கட்டுரைக்கும் ஒட்டுவாங்களா?

கோவிட்-19 நல்ல எடுத்துக்காட்டு. 2020 தொடக்கத்தில் அதற்கு முழுத் தலைப்பு கிடையாது. 'சப்ளிமென்டரி கான்செப்ட்' என்ற துணைப் பதிவாக அவசரத்துக்குச் சேர்த்தார்கள். 2021 பட்டியலில்தான் நோய்க்கும் வைரஸுக்கும் தனித்தனி முழுத் தலைப்பு வந்தது. துணைப் பதிவு மரத்தில் இடம்பெறாது, அதற்கு மர எண்ணும் இல்லை. புதிய வேதிப்பொருள்களும் அரிய நோய்களும் முதலில் அங்கேதான் உட்காரும். 3 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன.

பழைய கட்டுரைகளுக்குப் புதுத் தலைப்பைப் பின்னோக்கி ஒட்டுவது பொதுவாகக் கிடையாது. அதனால் தலைப்புப் பக்கத்தில் அறிமுக ஆண்டையும், 'பிரீவியஸ் இண்டெக்ஸிங்' என்ற வரியையும் பாருங்கள். அந்த ஆண்டுக்கு முன்னால் இதே பொருளை எந்தத் தலைப்பில் போட்டிருந்தார்கள் என்று அங்கே இருக்கும். அதையும் 'ஆர்' போட்டுச் சேர்க்காவிட்டால் பழைய கட்டுரைகள் கிடைக்காது.

தமிழ்நாட்டுல நடந்த ஆய்வு மட்டும் வேணும்.

'இந்தியா', 'ஸ்ரீலங்கா' என்று நாட்டுத் தலைப்புகள் உண்டு. தமிழ்நாடு என்பதை டிஐஏபி-யில்தான் தேட வேண்டும். மாநிலப் பெயர், பழைய பெயரான மெட்ராஸ், வேண்டிய மாவட்டப் பெயர்கள் எல்லாவற்றையும் 'ஆர்' போடுங்கள். ஏடி என்ற குறி ஆசிரியர்களின் நிறுவன முகவரியில் தேடும். ஆனால் சென்னையில் இருப்பவர் ஒடிசா மாடுகளைப் பற்றியும் எழுதலாம், வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர் நாமக்கல் கோழிப்பண்ணையைப் பற்றியும் எழுதலாம். முகவரியை வைத்து ஆய்வு நடந்த இடத்தை முடிவுகட்டாதீர்கள்.

கால்நடைத் துறைக்கு மெஷ் மட்டும் போதுமா?

போதாது. மனித மருத்துவத்துக்காகக் கட்டிய வீடு அது. கால்நடைக்கு அதில் நல்ல அறை இருக்கிறது, அவ்வளவுதான். தீவனப் பயிர், பால் பதப்படுத்துதல், இனவிருத்தி, பண்ணைப் பொருளாதாரம் என்று போனால் சொற்கள் தீர்ந்துவிடும். இந்தியக் கால்நடை இதழ்களில் பல மெட்லைனில் இல்லை.

பிரிட்டனின் கேபி நிறுவனம் நடத்தும் கேப் தெசாரஸ் (சொற்களஞ்சியம்) வேளாண்மைக்கும் கால்நடைக்கும் என்றே வளர்ந்தது. அதை வைத்து அட்டவணையிடப்பட்ட கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ் தரவுத்தளத்தில் கால்நடை இதழ்கள் பரவலாக இருக்கும். தரவுத்தளத்துக்குச் சந்தா வேண்டும். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு நடத்தும் அக்ரோவாக் பன்மொழிச் சொற்களஞ்சியம் இலவசம். அமெரிக்க தேசிய வேளாண் நூலகத்தின் தெசாரஸ் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு தளத்துக்குக் கட்டிய தேடலை அப்படியே இன்னொன்றில் ஒட்டாதீர்கள். தலைப்புச் சொல்லும் வேறு, குறியும் வேறு. டிஐஏபி பகுதிச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைப்புகளை அந்தந்தப் பட்டியலில் புதிதாகத் தேடிச் சேர்க்க வேண்டும்.

ஐசிடி, ஸ்னோமெட் எல்லாம் இதே மாதிரிதானா?

வேலை வேறு. ஐசிடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு. எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுவதற்கு. ஸ்னோமெட் நோயாளியின் மருத்துவக் குறிப்பைக் கணினியில் பதிவதற்கு. மெஷ் எழுதப்பட்டதைத் தேடி எடுப்பதற்கு.

கட்டுரை அனுப்பும்போது கீவேர்டை மெஷ்லேர்ந்து எடுக்கணும்னு இதழ்ல கேக்குறாங்க. எப்படி எடுக்கிறது?

'மெஷ் ஆன் டிமாண்ட்' என்ற இலவசப் பக்கத்தில் உங்கள் சுருக்கத்தை ஒட்டினால் பொருந்தும் தலைப்புகளை அதுவே காட்டும். காட்டியதை எல்லாம் அள்ளாதீர்கள். ஒவ்வொன்றையும் திறந்து ஸ்கோப் நோட் படியுங்கள். நோய், இனம், செய்த பரிசோதனை அல்லது சிகிச்சை, இந்த வரிசையில் நான்கைந்து எடுத்தால் போதும். 'அனிமல்ஸ்', 'மேல்', 'ஃபீமேல்' போன்ற பொதுக்குறிகள் கீவேர்டாக உதவாது.

உண்மையில் கீவேர்டைவிட முக்கியம் சுருக்கம்தான். தலைப்பு ஒட்டும் நிரல் அதைத்தான் படிக்கிறது. இனத்தின் பெயர், நோயின் முறையான பெயர், ஆய்வின் வகை மூன்றும் சுருக்கத்தில் வெளிப்படையாக இருக்கட்டும். 'இவ்வினம்', 'அந்நோய்' என்று சுட்டுச்சொல்லில் கடந்துபோகும் நடை அழகாக இருக்கலாம், தேடுபவர் கண்ணில் படாது.

தமிழ்க் கால்நடை நூல்களுக்கும் துண்டறிக்கைகளுக்கும் இப்படி ஒரு பட்டியல் போட முடியுமா?

முடியும். மெஷ்ஷை மொழிபெயர்த்து, விரித்து, ஸ்பானிஷ், போர்த்துகீஸ் மொழிகளில் டெக்ஸ் என்ற பட்டியலைப் பிரேசிலில் உள்ள பிரேமே மையம் நடத்திவருகிறது. சிறிய நூலகத்துக்கு முழு மொழிபெயர்ப்பு தேவையில்லை. டி-யில் தொடங்கும் அடையாள எண்ணைக் கொக்கியாக வைத்துக்கொண்டு, அதில் தமிழ்ப் பெயர்களை மாட்டினால் போதும். டி011818 என்ற ஒரே எண்ணில் ரேபிஸ், வெறிநோய், வெறிநாய்க்கடி நோய் மூன்றும் தொங்கலாம். அவற்றில் ஒன்றை மட்டும் தலைப்பாக வைத்து, மற்றவற்றிலிருந்து 'காண்க' குறிப்பு போடுங்கள்.

பெயரை நம்பி எண் மாட்டுவதில்தான் தவறு வரும். 'அடைப்பான்' ஆந்த்ராக்ஸ். 'தொண்டை அடைப்பான்' ஹெமரேஜிக் செப்டிசீமியா. கிருமியும் வேறு, தடுப்பூசியும் வேறு. பெயரில் பாதி ஒன்று என்பதால் ஒரே எண்ணில் மாட்டிவிட்டால், ஆந்த்ராக்ஸில் செத்த மாட்டை அறுக்கக் கூடாது என்ற எச்சரிக்கைத் துண்டறிக்கையைத் தேடுபவர் கையில் வேறு நோயின் அறிக்கை போய்ச் சேரும். 'வெள்ளைக்கழிச்சல்' என்று நம் ஊரில் சொல்வது ராணிக்கெட் நோயை, அதாவது நியூகாசில் வைரஸ் நோயை. கோழிக்குஞ்சுகளுக்கு வரும் புல்லோரம் என்ற பாக்டீரியா நோய்க்குப் பழைய ஆங்கிலப் பெயரே 'பேசிலரி ஒயிட் டயரியா'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அதுவும் வெள்ளைக்கழிச்சல் ஆகிவிடும். மெஷ்ஷில் அது 'சால்மொனெல்லா இன்ஃபெக்ஷன்ஸ், அனிமல்' பக்கம் போக வேண்டியது. நூலில் கிருமியின் பெயரோ, போடச் சொல்லும் தடுப்பூசியின் பெயரோ எங்காவது இருக்கும். அதைப் பார்த்த பிறகு எண்ணை மாட்டுங்கள்.